மாவட்டத்துக்கு ஒரு குழு



குழு என்றாலே டீ, பிஸ்கட், கையெழுத்து என்று சிரிக்கிறோம். எல்லாக் குழுவும் அப்படியில்லீங்க. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஓர் உள்ளூர்க் குழு இருந்தாக வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்கிற கடை, முதலாளியே தவறாக நடக்கிற இடம், வீட்டு வேலை - இந்தப் பெண்களெல்லாம் போக வேண்டிய இடம் அதுதான். எழுதத் தெரியாதவருக்குப் புகார் எழுதக் குழுவே உதவ வேண்டும். விசாரணைக்கு 90 நாள். குழு பரிந்துரைதான் செய்யும். ஆனால் 60 நாளுக்குள் அதன்மேல் நடவடிக்கை எடுத்தே ஆகணும். வீட்டு வேலைப் பெண் என்றால், முகாந்திரம் இருந்தால் 7 நாளில் போலீசுக்கு அனுப்ப வேண்டும்.

புகாருக்குக் கெடு மூன்று மாதம்; தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று. பயந்து, அழுது, யாரிடம் சொல்வது என்று விசாரிப்பதற்குள் அது ஓடிவிடும். போதாது என்பது என் கட்சி.

மாணவிகளே, துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற தங்கைக்கு இது தெரியுமா? மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் குழுத் தலைவி யார் என்று விசாரித்து, விடுதி நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுங்க. அந்தத் தங்கைகிட்டேயும் சொல்லுங்க.