அலை வரைக்கும் ஒரு பாதை

மெரினாவுக்குப் போய்விட்டு அலையில் கால் நனைக்காமல் யாராவது திரும்புவார்களா? சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரணம் மணல். நாற்காலியின் சின்ன முன்சக்கரம் மணலில் இறங்கியதும் புதைந்துவிடும். தள்ளத் தள்ள இன்னும் புதையும்.

2022 நவம்பரில், இவர்களுக்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். சிலர் வாழ்நாளில் முதல்முறையாக அலையைத் தொட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. விடவில்லை, சரிசெய்தார்கள்.

பாதையே இல்லாத கடற்கரைக்கென்று பலூன் மாதிரி உப்பிய சக்கரம் வைத்த நாற்காலிகளும் இருக்கின்றன. பாரம் பரவுவதால் எளிதில் புதையாது.

மரப்பாதையில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பின்னால் சக்கரச் சத்தம் கேட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்!