பண்புப் பெயரும் பன்மையும்

 

வெள்ளி விழா மேடையில் ஆங்கில இலக்கணம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் இரவுப் பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவர், தாம் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தை ஒருநாள் என்னிடம் காட்டினார். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' என்னும் இரு சொற்களைச் சிவப்பு மையால் சுழித்து, அலுவலர் ஒருவர் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார். "எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்தவர் எவரும் இல்லையே, ஐயா" என்று அவர் தலைகுனிந்தார். அவர் தலைகுனியத் தேவையில்லை என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

அப்பிழை அறியாமையால் வந்ததன்று; தமிழறிவால் வந்தது. தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்கிறோம். ஆங்கிலமோ இவற்றைத் தண்ணீரைப்போலப் பிரிவற்ற ஒன்றாகக் கருதுகிறது. 'நாலெட்ஜ்', 'புரோகிரஸ்' முதலியனவும் அத்தகையனவே. இவற்றோடு பன்மைக்குரிய 'எஸ்' சேராது. அறிவுரைகளை எண்ணிச் சொல்ல வேண்டுமாயின், 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எழுதுதல் வேண்டும். நாம் குடங்களை எண்ணுகிறோம். தண்ணீரை எண்ணுவதில்லை அல்லவா?

ஆயினும், பண்புப் பெயர் எதுவும் பன்மை ஏலாது எனக் கொள்ளலாகாது. 'கைண்ட்னஸ்' என்பது இரக்கம் என்னும் பண்பு. 'கைண்ட்னசஸ்' என்பன இரங்கிச் செய்த செயல்கள். பண்பு செயலாக வெளிப்படும்போது எண்ணிக்கைக்கு உட்படுகிறது. இவ்வுணர்வு தமிழர்க்குப் புதிதன்று. 'பொறுமைகள்' என்று நாம் சொல்வதில்லை; 'கொடுமைகள்' என்று சொல்கிறோம்.

சில சொற்கள் பன்மையில் வேறு பொருளும் தரும். 'டேமேஜ்' என்பது சேதம். 'டேமேஜஸ்' என்பது நீதிமன்றம் வழங்கச் செய்யும் இழப்பீடு. மனு எழுதுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இனி, நம் வாழ்வைத் தொட்ட சட்டங்களைப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அமைந்த குழு வரைந்த அரசமைப்புச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. அங்கே 'அன்டச்சபிலிட்டி' என்னும் சொல் ஒருமையிலேயே நிற்கிறது. அதனை நடைமுறைப்படுத்த 1955-இல் வந்த சட்டத்தின் பெயரிலும் அச்சொல் ஒருமையே. ஆனால் அதனோடு சேர்ந்த 'அஃபென்சஸ்', அதாவது குற்றங்கள் என்பது பன்மை. 1976-இல் அச்சட்டம் பெயர் மாறியபோது, 'ரைட்ஸ்' என உரிமைகளும் பன்மையில் இடம் பெற்றன. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ 'அட்ராசிட்டீஸ்' என்று பன்மையிலேயே பேசுகிறது. இழிசெயல்கள் இவை இவை என்று அதன் 3-ஆம் பிரிவு ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறது.

இவ்வேறுபாட்டின் உட்பொருள் யாது? தீமை ஒன்றே, அது செய்யும் குற்றங்கள் பல. 'எங்களூரில் தீண்டாமை உள்ளது' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் வருந்திவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் இன்ன செயலைச் செய்தார் என்று எண்ணி எழுதினால், அதற்கு அவர் விடை கூறியாக வேண்டும். பண்பை வெறுக்கலாம், செயலைத்தான் மன்றத்தில் மெய்ப்பிக்க இயலும்.

மாணவச் செல்வங்களே! ஆங்கிலப் பண்புப் பெயர் ஒன்றைக் காணும்போது, இது எண்ணத்தக்கதா என்று அகராதியைக் கேளுங்கள். ஐயம் கொள்வதில் இழிவில்லை. பிழையைக் கண்டு எழுதுகோலைக் கீழே வைப்பதே இழப்பு. அவ்விளைஞர் அதைக் கீழே வைக்கவில்லை. விண்ணப்பத்தைத் திருத்தி மீண்டும் எழுதினார். இன்று நம் இரவுப் பள்ளியில் இப்பாடத்தை நடத்துபவர் அவரே.