வக்கீலின் நாணயமும் கக்ஷிக்காரர் கடமையும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



வக்கீல் தொழிலில் நாணயம் குன்றிவிட்டதென்று நம்மவர் திண்ணைதோறும் குறைகூறக் கேட்கின்றோம். அக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும் அதில் நமக்குள்ள பங்கு எவ்வளவு என்பதை ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. அதனைக் குறித்தே இன்று சில வார்த்தை பேச எழுந்தோம்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் பாரிஸ்டராயிருந்த காலத்து நிகழ்ச்சியொன்றைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். வழக்கின் கணக்குகள் மிகச் சிக்கலாயிருந்தமையால், கணக்கில் தேர்ந்தவர்களை நியாயஸ்தலத்தார் மத்தியஸ்தராக நியமித்தனர். அவர்கள் அளித்த தீர்ப்பு முழுதும் அடிகளின் கக்ஷிக்கே சாதகமாயிற்று. ஆனால் பற்றில் எழுதவேண்டிய தொகையொன்று தவறுதலாய் வரவில் ஏறிவிட்டது. எதிர்க்கக்ஷியாரோ வேறு காரணங்களைக் காட்டியே தீர்ப்பை எதிர்த்திருந்தனர். பிழையை நாமாக ஒப்புக்கொள்ளக் கடமையில்லை, ஒப்புக்கொண்டால் தீர்ப்பு முழுதுமே ரத்தாகலாம் என்றார் பெரிய வக்கீல். அவருக்கு உதவியாயிருந்த காந்தியடிகள் ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்றார்.

இவ்விடத்தில் சற்று நிற்போம். நஷ்டம் வருமாயின் அது வக்கீல்கள் இருவருக்குமன்று, கக்ஷிக்காரருக்கே. அவர் யோசித்தார். பிழையைத் திருத்திக்கொண்டே வழக்காடும்படி காந்தியடிகளிடம் சொன்னார். தோற்பது விதியானால் தோற்போம் என்றும் துணிந்தார். நியாயாதிபதிகளுள் ஒருவர் முதலில் இதனைச் சூழ்ச்சியோவென்று ஐயுற்றார். பின்பு உண்மை விளங்கவே, பிழை மட்டும் திருத்தப்பெற்றுத் தீர்ப்பு நிலைத்தது. இக்கதையைச் சொல்வோர் எல்லாரும் காந்தியடிகளைப் புகழ்கின்றனர், தகும். அந்தக் கக்ஷிக்காரரை யார் நினைக்கின்றனர்?

நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின்படி, ஒழுக்கந் தவறிய வக்கீலைக் கண்டிக்கவும், சிலகாலம் நிறுத்திவைக்கவும், பெயரையே நீக்கவும் பார் கவுன்சிலுக்கு அதிகாரமுண்டு. ஜெயித்த சொத்தில் பங்கு பேசிக்கொள்வது விதிகளில் விலக்கப்பட்டிருக்கின்றது. கக்ஷிக்காரர் முறைகேடான வழியில் இறங்காதபடி வக்கீல் தடுக்கவேண்டும். அவர் பிடிவாதஞ் செய்தால் வழக்கையே கைவிடவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. நம்மவர் பலர் இக்கடைசி விதியைக் கேள்விப்பட்டதேயில்லை!

அண்மையில் நம் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் நம்மிடம் வந்தார். தமையனோடு பாகப்பிரிவினை வழக்கு நடக்கின்றது. காலஞ்சென்ற தந்தையாரின் பெட்டியில் ஒரு ரசீது அகப்பட்டது. தமையன் முன்னமே பணங்கொடுத்ததற்கு அது சாட்சி. அப்படி ஒரு ரசீதே இல்லையென்று எழுதச் சொன்னாராம், வக்கீல் மறுத்துவிட்டார். கெட்டிக்கார வக்கீல் வேறொருவரைச் சிபார்சு செய்யவேண்டுமென்பது வந்தவரின் விண்ணப்பம்.

அவரிடமுள்ள வக்கீலைவிடக் கெட்டிக்காரர் எவரும் நமக்குத் தெரியாதென்றோம். அவருக்குக் கோபம் வந்தது. காப்பியையும் அருந்தாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த வாய்தாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கின்றது. ரசீது அவர் வீட்டிலேதான் இருக்கின்றது.