பாட்டுக்குத் திறந்த கதவு, பாடியவனுக்கு மூடிய கதவு

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

கிதாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு பாடும் மேல்நாட்டுச் சங்கீதம் என்றால், அது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இதில் ஆச்சரியமில்லை. சினிமாவும் விளம்பரமும் அதை நமக்கு அப்படித்தான் காட்டி வந்திருக்கின்றன. உண்மை என்ன? அந்தச் சங்கீதம் பிறந்தது பருத்திக் காட்டில். அது வளர்ந்தது ஆலைப் பகுதிகளில்.

இதை நாங்கள் கேள்விப்பட்டு மட்டும் சொல்லவில்லை. 1960-களின் கடைசி ஆண்டுகளில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பவுண்டரிகளில் வேலை செய்த இந்தியர்களில் நாங்களும் சிலர். பஞ்சாபித் தோழர்களே அங்கு மிகுதி. தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஊர் மதுக்கடை மாடிகளில் புளூஸ், ராக் கோஷ்டிகள் பாடியதை நாங்கள் நேரில் கேட்டோம். அந்த அனுபவத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

முதலில் பருத்திக் காட்டுக்கு வருவோம்.

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் உள்ளது மிசிசிப்பி மாநிலம். 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய எஜமானர்களிடமே இருந்தது. விடுதலை பெற்ற கறுப்பு மக்கள் அதே நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதை கடன், உழவு மிருகம் கடன், வீட்டுக்கு மாவும் உப்பும் கடன். விளைச்சல் வந்ததும் கணக்கு எழுதுகிறவன் எஜமான். கணக்கு முடிந்ததும் கடன்காரன் உழவன். இந்தக் கணக்கு உங்களுக்குப் புதியதல்லவே!

வயலில் ஒருவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் பாடுவார்கள். நடவு நடும் நம் பெண்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? அந்த வழக்கத்தின் வேரிலிருந்து கிளம்பியதுதான் புளூஸ். பெரும்பாலும் ஓர் அடியைப் பாடி, அதையே மறுபடியும் பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்வார்கள்.

அந்தப் பாடகர்களில் ஒருவர் மடி வாட்டர்ஸ். ஸ்டோவல் என்ற பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். கூலி மணிக்கு 22½ சென்ட். 25 சென்ட் கேட்டார். கங்காணி மறுத்தான். 1943-ல் மடி வாட்டர்ஸ் ரயிலேறி சிகாகோ போய்ச் சேர்ந்தார். காகித ஆலையில் வேலை பார்த்தார், லாரி ஓட்டினார். இரவில் மதுக்கடைகளில் பாடினார். கூட்டத்தின் இரைச்சலில் சாதாரணக் கிதாரின் ஓசை எடுபடவில்லை. ஆகவே மின்சாரக் கிதாரை எடுத்தார். இரண்டரை சென்ட் கூலி உயர்வுக்கு மறுத்த பண்ணையைவிட்டு வந்த தொழிலாளியின் கையில், வயலின் பாட்டு ஆலை நகரத்தின் பாட்டாக மாறியது. 1958-ல் அவரே இங்கிலாந்துக்கு வந்து பாடினார். அங்கிருந்த தொழிலாளி வீட்டு இளைஞர்கள் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

இனி பர்மிங்காமுக்கு வருவோம்.

மோட்டார் கார், திருகாணி, இரும்பு வார்ப்பு என்று ஊர் முழுவதும் சம்மட்டி ஓசைதான். அந்த ஊர் இளைஞர் ஒருவர் டோனி அயோமி. தகடு வேலை செய்யும் ஆலையில் வெல்டிங் தொழிலாளி. 1965-ல், 17-வது வயதில், வேலையை விட்டுப் பாட்டுக் கோஷ்டியோடு போக இருந்தார். அன்று அவருக்கு ஆலையில் கடைசி நாள். பிரஸ் மெஷினில் வேலை செய்கிற ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத இவரை அங்கே நிறுத்தினார்கள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. அவர் இடது கைக்காரர். ஆகவே கிதாரின் தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை!

பிறகு நடந்ததைக் கேளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்குக் குப்பி செய்தார். பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். மெல்லிய தந்தி கட்டினார், பின்னாளில் தந்தியின் முறுக்கையும் தளர்த்தினார். ஓசை தடித்தது, கனத்தது. 1968-ல் அந்நகரின் கிரவுன் என்ற மதுக்கடை மாடியில் ‘ஹென்றீஸ் புளூஸ்ஹவுஸ்’ என்ற மன்றத்தை ஜிம் சிம்சன் தொடங்கினார். அயோமியும் அவருடைய தோழர்களும் ‘எர்த்’ என்ற பெயரில் அங்கே வாசித்தார்கள். 1969-ல் பிளாக் சாபத் என்று பெயர் மாற்றிக்கொண்டு உலகப் புகழ் பெற்றார்கள். ஹெவி மெட்டல் என்று உலகம் கொண்டாடும் சங்கீதத்துக்குள் ஒரு தொழிலாளியின் நசுங்கிய விரல் இருக்கிறது!

இப்படிப்பட்ட மாடி அறைகள் அந்த ஊரில் பல இருந்தன. தாழ்ந்த கூரை, சிகரெட் புகை, மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு நாற்றம். மேடை கிடையாது. பாடுகிறவன் வியர்வை முன்வரிசையில் நிற்கிறவன் மேல் தெறிக்கும். நாள் முழுவதும் பவுண்டரி இரைச்சல் கேட்டவர்களுக்கு இரவிலும் இரைச்சலா என்று கேட்பீர்கள். பகலில் கேட்டது முதலாளியின் கட்டளைக்கு எழுந்த ஓசை. இரவில் கேட்டது எங்களைப் போன்றவர்கள் தம் விருப்பத்துக்கு எழுப்பிய ஓசை. பாட்டு முடிந்ததும் அவர்களே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். நாங்களும் ஒரு கை கொடுப்போம்.

ஆனால் அந்த அறைக்குள் நுழைவதே ஒரு போராட்டம்.

பர்மிங்காமை ஒட்டியது ஸ்மெதிக். அங்கும் சுற்றுவட்டாரத்திலும் பல மதுக்கடைகளில் வெள்ளையருக்கு ஓர் அறை, மற்றவருக்கு ஓர் அறை. சிலவற்றில் மற்றவருக்கு இடமே இல்லை. நம் நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை கண்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். இந்தியத் தொழிலாளர் சங்கத் தோழர்கள், வெள்ளை மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு கடை கடையாக ஏறி இந்த அக்கிரமத்தை அம்பலப்படுத்தினார்கள். 1965 பிப்ரவரி 12-ல் அமெரிக்கக் கறுப்பர் தலைவர் மால்கம் எக்ஸ் அவர்களுடைய அழைப்பின்பேரில் ஸ்மெதிக் வந்தார். சங்கத் தலைவர் அவதார் சிங் ஜோல், பவுண்டரித் தொழிலாளி, அவரை ஒரு மதுக்கடைக்கு அழைத்துப் போனார். அங்கேயும் ஓர் அறையில் அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். ஒன்பதே நாளில் நியூயார்க்கில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1965-ல் பொது இடங்களில் நிறபேதம் கூடாதென்று சட்டம் வந்தது. சட்டம் வந்த வேகத்தில் வாசல்கள் திறக்கவில்லை. 1968 ஏப்ரல் 20-ல் இனாக் பவல் என்ற எம்.பி., பர்மிங்காமிலேயே குடியேறிகளுக்கு எதிராக விஷம் கக்கினார்.

அந்த நாட்களில் ஒரு இரவு. நாங்கள் நான்கு பேர், எங்கள் பவுண்டரிச் சங்கப் பிரதிநிதியான ஒரு வெள்ளைத் தோழரோடு ஒரு கடைக்குப் போனோம். “இடம் நிறைந்துவிட்டது” என்றான் வாசலில் நின்றவன். எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளையர் ஆறு பேரை உள்ளே விட்டான். மாடியிலிருந்து என்ன பாட்டு வந்தது தெரியுமா? மிசிசிப்பிக் கறுப்பர்களின் புளூஸ்!

வெள்ளைத் தோழர் மட்டும் மேலே போனார். இடைவேளையில் கோஷ்டியிடம் விஷயத்தைச் சொன்னார். டிரம் வாசித்த பையன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். “அவர்கள் வரட்டும், பிறகு வாசிக்கிறோம்” என்று சொல்லிவிட்டார்களாம். அரை மணி நேரம் பாட்டு இல்லை. காசு கொடுத்த கூட்டம் சத்தம் போட்டது. கடைசியில் கடைக்காரன் கதவைத் திறந்தான். எங்களைக் கண்டு முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், நகர்ந்து இடம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பாட்டு தொடர்ந்தது.

பாட்டுக்கே மனிதனை மாற்றும் சக்தி உண்டா? தானாக இல்லை, தோழர்களே! 1976 ஆகஸ்டில் அதே பர்மிங்காமின் ஓடியன் அரங்கில், கறுப்பர்களின் புளூஸை வாசித்தே பெயர் பெற்ற எரிக் கிளாப்டன், மேடையில் நின்று பவலை ஆதரித்துப் பேசினார். 2018-ல் அதற்காக வெட்கப்படுவதாகவும் சொன்னார். ஆனால் மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. கண்டித்து உடனே பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்திலிருந்து ‘நிறவெறிக்கு எதிராக ராக்’ என்ற இயக்கம் எழுந்தது. வெள்ளைக் கோஷ்டியும் கறுப்புக் கோஷ்டியும் ஒரே மேடையில் வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடித்த வழி. 1978 ஏப்ரல் 30-ல் லண்டன் டிரபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பார்க் வரை பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அங்கே கிளாஷ் என்ற ராக் கோஷ்டியும், பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதிக் கறுப்பு இளைஞர்களின் ஸ்டீல் பல்ஸ் கோஷ்டியும் ஒரே மேடையில் வாசித்தன.

ஆகவே நாம் எதைக் கற்றுக்கொள்கிறோம்? உழைப்பாளியின் பாட்டை ரசிப்பது சுலபம். அந்த உழைப்பாளிக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்காருவதுதான் பரீட்சை. அந்தப் பரீட்சையில் அன்றைய பர்மிங்காமில் தேறியவர்கள், குச்சியைக் கீழே வைத்த பையனும், கடை கடையாக ஏறிய சங்கத் தோழர்களும்.

இன்னொன்றும் உண்டு. அந்த மாடி அறைகளில் பல இன்று இல்லை. கிரவுன் கடையே பின்னாளில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. கூடம் பிறருடையதாக இருந்தால், கதவைத் திறப்பதும் பூட்டுவதும் பிறர் கையில்தான். நமது சங்கக் கட்டடங்களிலும் படிப்பகங்களிலும் மாதம் ஒரு மாலையைப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். நடவுப் பாட்டுப் பாடும் பெண்களை அழையுங்கள். பறை அடிக்கும் தோழர்களை அழையுங்கள். அழைத்தால் வாசலில் நிறுத்தாதீர்கள், முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்!