திறந்து வைத்த சலைன் பாட்டில்

ஜவ்வாது மலையில் இருப்பவருக்குப் பல்வலி வந்தால் பெரும்பாலும் மலையை விட்டுக் கீழே இறங்கியாக வேண்டும். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் மலைமேலேயே அரசு சுகாதார நிலையங்கள் உண்டு. பல் என்றால் ஒரு பக்கத்து ஜனங்கள் போளூருக்கும் செங்கத்துக்கும் இறங்குகிறார்கள். இன்னொரு பக்கத்தார் ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று போகிறார்கள். இந்த ஊர்களின் கடைத்தெருக்களில் தனியார் பல் கிளினிக்குகள் இருக்கின்றன. ஒரு நாற்காலி, ஒரு டாக்டர், உதவிக்கு ஒரு பெண். பெரும்பாலானவை அவ்வளவுதான். நானும் இப்படியொரு மலையடிவார ஊரில் பல் வைத்தியம் பார்க்கிறவன்.

ஒரு தனியார் பல் கிளினிக்கை எப்படி நடத்த வேண்டும், எதில் மேம்படுத்த வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நினைத்து வானொலியை அணைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்துகொண்டு அந்த நாற்காலியில் சாய்கிறவருக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும்.

மலையடிவாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரையிலான மாதங்களில், தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து மூளையைத் தாக்கிய ஒரு விசித்திரமான தொற்றோடு நோயாளிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார்கள். காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. இது புதிய நோயில்லை. 1912-லேயே ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வரக்கூடியது. மூளையைத் தாக்குவது அபூர்வம். ஆனால் அந்தச் சில மாதங்களில் மட்டும் 21 பேர்.

சி.எம்.சி. மருத்துவர்களும், ஐ.சி.எம்.ஆரின் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து இதைத் துருவினார்கள். 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். அந்தக் கிளினிக்கோடு தொடர்பில்லாத மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர். வாயில் பட்ட காயத்தின் வழியே, முகத்து நரம்புகளைப் பிடித்துக்கொண்டு கிருமி மூளைக்கு நேராக ஏறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எங்கிருந்து வந்தது கிருமி? அந்தக் கிளினிக்கில் பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில் அது இருந்தது. பல் பிடுங்கிய பிறகு குழியைக் கழுவ ஊற்றுகிறோமே, அந்த உப்புநீர். சுத்தம் செய்யப்படாத ஓர் அறுவைக் கருவியால் பாட்டிலைக் குத்தித் திறந்திருக்கிறார்கள். மீதியை எறியாமல் பாட்டிலின் வாயில் பஞ்சை அடைத்து வைத்து, அடுத்தடுத்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். 2025-இல் லான்செட் குழுமத்தின் தெற்காசிய இதழில் ஆய்வு வெளிவந்து, செய்தித்தாள்கள் எழுதிய பிறகுதான் ஊருக்கு இது தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து. மலையடிவாரத்து ஜனங்களுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சொல்லியிருந்தால் பக்கத்து ஊர்க் கிளினிக்குகளும் மறுநாளே தங்கள் பாட்டில்களைப் பார்த்திருக்கும்.

பல் வைத்தியத்துக்கே பயந்துவிடாதீர்கள். சொத்தையையும் சீழையும் வாயில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது அதைவிட ஆபத்து. நான் கேட்பது ஒன்றுதான். அரை லிட்டர் சலைன் பாட்டில் சில பத்து ரூபாய்தான் ஆகும். ஒரு பல் பிடுங்க வாங்கும் கட்டணத்தில் அது சின்னப் பங்கு. சிறிய பாட்டில்களும் கிடைக்கின்றன. ஒரு நோயாளிக்கு ஒரு பாட்டில் திறப்பது, வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டுவது. இதற்குப் படிப்பும் வேண்டாம், கடனும் வேண்டாம். பிறகு ஏன் மிச்சம் பிடிக்கத் தோன்றுகிறது?

என் தொழிலில் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். கிளினிக்கை மேம்படுத்துவது என்றாலே எங்கள் மனசு வரவேற்பறைக்குப் போய்விடுகிறது. ஏ.சி., கண்ணாடிக் கதவு, வெளிநாட்டு நாற்காலி, டிஜிட்டல் எக்ஸ்ரே, தெருமுனையில் பெரிய போர்டு. இதற்கெல்லாம் மாதத் தவணை கட்ட வேண்டும். தவணைக்காக ஆட்களை வேகமாகப் பார்க்க வேண்டும். வேகமாகப் பார்த்தால் முதலில் அடிபடுவது யார் கண்ணிலும் படாத பின்னறை. கருவி கழுவும் தொட்டியும் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் இருக்கிற இடம் அது. நோயாளி உயிரோடு வீடு போய்ச் சேர்வது அந்தப் பின்னறையைப் பொறுத்தது.

அந்த அறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். கருவியில் ரத்தமும் எச்சிலும் காய்வதற்குள் கழுவ வேண்டும். காய்ந்து ஒட்டிவிட்டால் அதற்கடியில் ஆவி நுழையாது. பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, உலர்த்தி, ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்கும் உள்ள பவுச்சில் போட்டு ஒட்ட வேண்டும். பிறகு ஆட்டோகிளேவ். நம் வீட்டுக் குக்கரின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது: ஆவியை அடைத்து, அழுத்தத்தில் வெப்பத்தை ஏற்றுகிறது. 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், அல்லது 134 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம் நிற்க வேண்டும். சூடேறும் நேரத்தையும் உலரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு முக்கால் மணி, ஒரு மணி ஆகிவிடும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பவுச்சில் அச்சிட்ட குறி நிறம் மாறியிருந்தால் உள்ளே சூடு பட்டிருக்கிறது என்று தெரியும். கிருமி செத்ததா என்பதற்கு அது சாட்சி சொல்லாது. அதற்கு, சுலபத்தில் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகள் தடவிய பட்டையை வாரம் ஒருமுறை உள்ளே வைத்துச் சோதிக்க வேண்டும்.

சில இடங்களில் இன்னும் கருவியைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. மலைமேல் நடக்கும் முகாம்களில் அது இன்னும் போதாது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும் சுமார் 700 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியை எட்டாமலே, 97, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்று கொதிக்கும். ஆனால் கிருமியின் வித்துகள் அதில் பிழைத்துக்கிடக்கும். மலையில் பல் பிடுங்கும் முகாம் போடுகிறவர்கள், அங்கே எத்தனை பேர் வருவார்களோ அத்தனை செட் கருவிகளைக் கீழேயே ஆட்டோகிளேவ் செய்து, பவுச்சோடு எடுத்துப் போக வேண்டும். செட் தீர்ந்தால் முகாமும் அன்றைக்குத் தீர்ந்தது. வரிசையில் நிற்பவரைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்தான். அவருக்கு அடுத்த வாரம் நாள் கொடுக்கலாம்.

கிளினிக்கும் இதே கணக்கில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கலாம்? டாக்டரின் கைவேகம் அதைத் தீர்மானிக்கக் கூடாது. அலமாரியில் எத்தனை செட் இருக்கிறது, ஆட்டோகிளேவ் எத்தனை சுற்று ஓடும் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். ஆறு செட் வைத்துக்கொண்டு சந்தை நாளில் இருபது பேரைப் பார்க்கிற கிளினிக்கில், ஏழாவது ஆளிலிருந்து என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் காசு சேர்ந்தால் முதலில் கண்ணாடியும் புரோபும் ஃபோர்செப்சும் இன்னும் பத்து செட் வாங்குங்கள் என்றுதான் புதிதாகக் கிளினிக் தொடங்கும் தம்பி தங்கைகளிடம் சொல்கிறேன். பல்லைத் துளைக்கும் ஹேண்ட்பீஸிலும் கூடுதலாக இரண்டு வேண்டும். அது நின்றதும் வாயிலுள்ள எச்சிலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்பிரிட் பஞ்சால் வெளியே துடைத்தால் உள்ளே இருப்பது போகாது.

தண்ணீரையும் விடக்கூடாது. நாற்காலியோடு இணைந்த மெல்லிய குழாய்களில் இரவெல்லாம் தண்ணீர் தேங்கி, உட்சுவரில் கிருமிப் படலம் பிடிக்கும். 2016-இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், குழந்தைகளின் பால்பற்களுக்கு வேர் சிகிச்சை செய்த ஒரு கிளினிக்கின் குழாய்த் தண்ணீரால் பல குழந்தைகளுக்குத் தாடை எலும்புவரை தொற்று போயிற்று. பணமும் சட்டமும் நிறைந்த ஊரிலேயே அப்படி. அதனால் காலையில் முதல் ஆள் வருமுன்னும், ஒவ்வொருவருக்கு நடுவிலும் தண்ணீரை ஓடவிட வேண்டும். குழாய்க்கு அவ்வப்போது மருந்து விட வேண்டும். அறுவை செய்த இடத்தில் அந்தக் குழாய்த் தண்ணீரை விடவே கூடாது. அங்கே புதிதாகத் திறந்த சலைன் மட்டும்.

இத்தனையையும் யார் செய்கிறார்கள்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சின்னச் சம்பளத்துக்கு வந்த பெண். பல ஊர்களில் மலையிலிருந்து வந்து படித்த பிள்ளைகளும் இந்த வேலையில் இருக்கிறார்கள். கிளினிக்கின் உயிர் அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது. ஆனால் அவளுக்குப் பயிற்சி என்று எதுவும் இருப்பதில்லை, பார்த்துப் பழகிக்கொள்கிறாள். ஊசி குத்திவிட்டால் என்ன செய்வதென்று தெரியாது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை போட்டிருக்கிறார்களா என்று கேட்டால் விழிக்கிறாள். தடுப்பூசி முதலாளியின் செலவில் போட வேண்டும். செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, “டாக்டர், செட் இன்னும் ரெடி ஆகலை, கொஞ்சம் இருங்க” என்று அவள் சொன்னால் டாக்டர் நிற்க வேண்டும். அவள் பயமில்லாமல் அப்படிச் சொல்ல முடிகிற கிளினிக்கைத்தான் நான் நல்ல கிளினிக் என்பேன்.

மலையிலிருந்து வருகிறவர்களின் கஷ்டம் தனி. ஒருநாள் கூலி போய்விடும், போகவர பஸ் செலவு, துணைக்கு வருகிறவருக்கும் கூலி போகும். கடைசி பஸ்ஸை விட்டால் இரவு தங்க இடம் தேட வேண்டும். அவரிடம் வேர் சிகிச்சைக்கு நாலு தடவை வரச் சொன்னால், “பிடுங்கி விட்டுடுங்க டாக்டர்” என்றுதான் சொல்வார். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் பஸ் செலவால் போகிறது. சீழில்லாத பல பற்களுக்கு இப்போது ஒரே அமர்வில் வேர் சிகிச்சையை முடிக்க முடியும். சந்தை நாளில் காலை நேரத்தை மலைக்காரர்களுக்கென்று ஒதுக்கி, இரண்டு வேலையை ஒரே தடவையில் முடித்து, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை வாயைத் திறக்கச் சொல்லுமுன் சொல்லிவிட்டால் அவர் மறுபடி வருவார். தன் ஊராரையும் அழைத்து வருவார். போர்டுக்குச் செலவு செய்வதைவிட இது உறுதியாகப் பலன் தரும்.

ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: “ஊசி புதுசுதானே சாமி?” புதுசுதான் பாட்டி என்று உறையைக் கிழித்துக் காட்டினேன். எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரம் மலைக் கிராமம்வரை கொண்டுபோய்ச் சேர்த்த கேள்வி அது. இன்று எந்த டாக்டரும் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்வதில்லை. அதே போல, கருவியிருக்கும் பவுச்சை என் கண்முன் பிரியுங்கள், சலைன் பாட்டிலை என் கண்முன் திறவுங்கள் என்று நீங்கள் கேட்கலாம். கையுறை மாற்றினீர்களா என்றும் கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முகம் சுளிக்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டரின் பல் மருத்துவக் கவுன்சில் பதிவையும், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கிளினிக் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 1997-இல் வந்த சட்டம் அது. விதிகள் 2018-இல் வந்தன. சந்தேகம் இருந்தால் மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஒரு வேண்டுகோள் அந்த அலுவலகங்களுக்கும் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் சுவரில் மாட்டிய சான்றிதழோடு நின்றுவிடாமல் பின்னறைக்குள் போய், ஆட்டோகிளேவ் ஓடிய நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

கடைசியாக, பல் பிடுங்கிய பிறகு ஓரிரு நாள் வலியும் லேசான வீக்கமும் இருப்பது சகஜம். வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, முகம் கோணினாலோ மாத்திரைக் கடையில் நிற்காதீர்கள். 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே பார்க்கிற டாக்டரிடம், சமீபத்தில் பல் வேலை செய்துகொண்டேன், இந்தத் தேதியில், இந்த ஊரில் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். மெலியாய்டோசிஸுக்கு மருந்து இருக்கிறது. ரத்தக் குழாய் வழியே சில வாரங்கள், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. ஆனால் டாக்டருக்கு அந்த நோயின் நினைவு வந்தால்தான் அந்த மருந்தைத் தொடங்குவார்.