அப்பா விட்டுப்போன ஜேக்



தெலுக் பங்லிமா காராங்கிலும் பந்திங்கிலும் கேரித் தீவிலும் எத்தனையோ வீடுகளின் பின்கொட்டகையில் ஒரு கனத்த இரும்புச் சாமான் கிடக்கிறது. தோட்டத்து டிராக்டரையும் லாரியையும் பழுதுபார்த்த அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன, சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜேக். கைப்பிடியை அடித்தால் ஏறுவதில்லை, ஏறினாலும் நிற்பதில்லை. பழைய இரும்பு வாங்க வருகிறவர் கிலோ கணக்கில் விலை கேட்கிறார். கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அந்த ஜேக்கில் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது சீல் எனப்படும் சில வளையங்கள்தான். இரும்பு அப்படியே இருக்கும்.

முதலில் அது எங்கே செய்தது என்று பார்ப்போம். கழுவுவதற்கு முன்பே பாருங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணி போதும். பெயர்த்தகடு விழுந்துபோயிருந்தால் வார்ப்பின் இரு பக்கமும், தூக்கும் கையின் அடியிலும் புடைத்த எழுத்தைத் தேடுங்கள். வாக்கர், ஹெய்ன்-வெர்னர் என்று இருந்தால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வந்தது. மசாடா என்றால் ஜப்பான்.

எழுத்தே இல்லையா? போல்ட் சொல்லும். பழைய பிரிட்டிஷ் சாமானில் விட்வொர்த் என்ற வகை மரை இருக்கும். அரை அங்குல போல்டில் அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்க போல்டில் அதே இடத்தில் 13. ஜப்பான்காரர்களின் பிற்காலச் சாமான் என்றால் மில்லிமீட்டர் கணக்கு. மரையை எண்ணாமல் கிடைத்த நட்டை முறுக்கினால் பழைய மரை கெட்டுவிடும்.

இன்னொரு விஷயம். தகட்டில் 3 டன் என்று இருந்தால் எந்த நாட்டு டன் என்று கேளுங்கள். பிரிட்டிஷ் டன் 1016 கிலோ, அமெரிக்க டன் 907 கிலோ. ஆக, 3 டன் என்பது ஒன்றில் 3048 கிலோ, மற்றொன்றில் 2722 கிலோ. முந்நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம்! சந்தேகம் இருந்தால் சின்னக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சின்ன இயந்திரம் லாரியை எப்படித் தூக்குகிறது? பம்புத் தண்டு 10 மில்லிமீட்டர், பெரிய தண்டு 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 4 மடங்கு, பரப்பு 16 மடங்கு. கைப்பிடியின் நெம்பு 10 மடங்கு சேர்ந்தால் 160. இருபது கிலோ அழுத்தம் கொடுத்தால் எண்ணெய் பெரிய தண்டைத் தள்ளுவது ஏறக்குறைய 3200 கிலோ வலுவில். அசைவோ மிக மெதுவாக. அதனால்தான் அத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது. 1795இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் ஹைட்ராலிக் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது பெரிய தொல்லை, தண்டின் ஓரமாக நீர் கசிந்ததுதான். அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லே வளைத்த தோல் வளையத்தைப் போட்டார் என்பார்கள். அழுத்தம் ஏற ஏற தோலின் உதடு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ரொம்பப் பழைய ஜேக்கைத் திறந்தால் அந்த மாதிரித் தோல் வளையம் இன்றும் உள்ளே இருக்கலாம். அது காய்ந்து விறைத்திருந்தால் மாற்றுங்கள்.

ரப்பர் வளையமாக இருந்தால், பால் வெட்டி வளர்ந்த நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: மரத்து ரப்பர் கனிம எண்ணெயில் ஊதிப்போகும். நைட்ரைல் ரப்பர்தான் வேண்டும். ஜேக்குக்கு உரிய எண்ணெய் ஊற்றுங்கள். பிரேக் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நைட்ரைலையும் பெயிண்டையும் தின்றுவிடும். கம்பெனி பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை. வெர்னியர் காலிப்பரால் தண்டின் விட்டம், பள்ளத்தின் அகலம், ஆழம் மூன்றையும் அளந்து, பழைய வளையத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போங்கள். துறைமுக லாரிகளும் கிரேன்களும் ஓடும் ஊரில் சீல் கடைக்குப் பஞ்சமில்லை.

பிரிக்கும்போது அவசரம் கூடாது. தூக்கும் கையை இறக்கும் ஸ்பிரிங் இழுத்த நிலையில் இருக்கும். முகத்தைத் தள்ளி வைத்து, துணி சுற்றி, மெல்லக் கழற்றுங்கள். உள்ளே சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் விழும். அடியில் தட்டு வையுங்கள், எது எந்தத் துளையில் இருந்தது என்று எழுதிவையுங்கள். பழைய எண்ணெய் பால் நிறமாக வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் அது அடிக்கடி நடக்கும். தண்டில் லேசான துருவை எண்ணெய் தொட்ட மிக மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். குழி விழுந்திருந்தால் புது சீலை அது அறுத்துவிடும். தண்டைக் கடைசல் பட்டறைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். அளவுக்கு மீறிய பாரத்தைத் தடுக்கும் பாதுகாப்பு வால்வை மட்டும் திருகாதீர்கள். அது தொழிற்சாலையில் வைத்த அளவு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்த் தேய்ப்பு வேண்டாம், நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது.

சேர்த்த பிறகு, தண்டை முழுதும் உள்ளே இறக்கி எண்ணெய் நிரப்புங்கள். இறக்கும் திருகைத் திறந்துவைத்து பத்துப் பதினைந்து தடவை அடித்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். பிறகு திருகை மூடி, தகட்டில் உள்ள பாரத்தில் பாதியைத் தூக்கி, பாரத்தைத் தொடாமல் சற்றுக் கீழே தாங்கு ஸ்டாண்டு வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். தண்டின் வாயில் எண்ணெய் கசிந்தால் சீலைப் பாருங்கள். கசிவே இல்லாமல் பாரம் மட்டும் இறங்கினால் குண்டும் அது உட்காரும் இடமும் சரியில்லை, அல்லது இறக்கும் திருகு சரியாக மூடவில்லை. வார்ப்பில் விரிசல் கண்டால் அந்த ஜேக் இனி எதையும் தூக்கக் கூடாது. அப்பா கை பட்டது என்ற பாசம் விரிசலைத் தாங்காது. விரிசல் இல்லாத ஜேக்கானாலும் வண்டிக்கு அடியில் நுழையும் முன் ஸ்டாண்டு வையுங்கள். எவ்வளவு நல்ல ஜேக்காக இருந்தாலும் அது தூக்கத்தான், தாங்கிக்கொண்டிருக்க அல்ல.

அளந்த சீல் அளவுகளையும் ஊற்றிய எண்ணெயின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கொட்டகைச் சுவரில் மாட்டுங்கள். அடுத்து இதைப் பிரிக்கப்போகிறவர் உங்கள் மகளோ மருமகனோ, யாராக இருந்தாலும், மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டியதில்லை.