காலடித் தண்ணீர்



சென்னையில் எங்கள் திருவான்மியூரில் நிலத்தடி நீர் கெட்டுப்போனால் அதை முதலில் கண்டுபிடிப்பது அடுப்பங்கரைதான். குக்கரில் எத்தனை விசில் வந்தாலும் துவரம்பருப்பு மசியாது. தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். காப்பி லேசாகக் கரிக்கும். “தண்ணி மாறிடுச்சு” என்பார் அம்மா. அந்த வருஷம் மழை சரியில்லை என்பது எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் தெரியவரும்.

இதற்கான காரணம் எங்கள் காலடியிலேயே இருக்கிறது. திருவான்மியூரில் தொடங்கித் தெற்கே கோவளம் வரை கடலோரம் மணல். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். இரண்டுக்கும் நடுவில் உள்ள இந்த மணல், பெய்கிற மழையை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். கடல்நீரைவிட மழைநீர் எடை குறைவு. அதனால் மணலுக்குள் உப்பு நீரின் மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்களின் கணக்கு. மேலே ஓரடியை உறிஞ்சி எடுத்துவிட்டால், கீழே நாற்பதடிக்கு உப்பு ஏறத் தொடங்கும். நாம் எடுப்பது கொஞ்சம், இழப்பது ஏராளம்.

இந்தக் கணக்கு எதுவும் என் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் அடிபம்பில் அடித்து, இடுப்பில் குடம் சுமந்து குடும்பம் நடத்தியவர் அவர். அரிசி களைந்த முதல் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். இரண்டாவது கழுநீரில் புளி ஊறும். காய் கழுவிய தண்ணீர் வாசல் தெளிக்க. பேரப்பிள்ளைகள் டம்ளரில் பாதி வைத்துவிட்டு ஓடினால் திட்டமாட்டார். “கண்ணு, இதைக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊத்திட்டு வா” என்பார், அவ்வளவுதான். பாட்டி யாருக்கும் வாய் திறந்து நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீடுகளில் அந்தப் பழக்கமும் இல்லை. அம்மா சோறு போட்டால் நன்றி சொன்ன பிள்ளை எங்கே இருக்கிறது? ஆனால் ஒருவர் சுமந்து கொண்டுவந்த பொருளை மற்றவர் எப்படிக் கையாளுகிறார் என்பதில் அந்த நன்றி இருந்தது. குழாயைத் திறந்தால் கொட்டுகிறது என்றானபோது, சுமந்தவர் யாரென்று தெரியாமல் போயிற்று. அதோடு அந்தக் கவனமும் கைவிட்டுப் போயிற்று.

2019 கோடை அதைத் திரும்பக் கொண்டுவந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் சேர்த்து அந்த ஜூன் மாதம் இருந்த தண்ணீர் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. ரயிலில் தண்ணீர் வருவதைப் பார்த்த என் மகள், “தாத்தா, இது யாரோட தண்ணி?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் சட்டென்று பதில் சொல்லவில்லை. இன்னொரு ஊர் தன் தண்ணீரைப் பகிர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்குப் பாடம் நடத்தியவர் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. விடியுமுன்னே தெருமுனைத் தொட்டியில் வரிசையில் நின்று, தன் வீட்டுக்குக் குடங்களை நிரப்பி வைத்துவிட்டு வருவார். எங்கள் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் ஒரே பக்கெட் தண்ணீரில் முடித்தார். எச்சிலை முதலில் துடைத்தெடுப்பார். பாத்திரம் எல்லாவற்றையும் தேய்த்து வரிசையாக அடுக்குவார். ஒன்றை அலசிய தண்ணீரே அடுத்ததன் முதல் கழுவலுக்கு. கடைசியாக மிஞ்சியது கழிவறைக்கு. அம்மா அவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். லாரி தண்ணீர் வந்த நாட்களில் அவருக்கென்று ஒரு குடம் முதலில் எடுத்து வைப்பார். பணம் கட்ட முடிந்தவர் வாசலுக்கு லாரி வந்தது, முடியாதவர் குடத்தோடு வரிசையில் நின்றார். நன்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அநியாயத்தையும் பேசத்தான் வேண்டும். குறைந்த தண்ணீரில் வாழத் தெரிந்தவர்களின் உழைப்பில்தான் நிறைய செலவழிப்பவர்களின் வீடுகள் சுத்தமாக இருக்கின்றன.

இப்போது நிலைமை பரவாயில்லை. நெம்மேலியில் 2013-ல் திறந்த ஆலை கடல்நீரிலிருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுத்துத் தென்சென்னைக்குத் தருகிறது. பெரிய உதவிதான். ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது. மழையோ அந்த வேலையை வானத்திலேயே முடித்துவிட்டு வருகிறது.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது அப்பா ஒரு குழி எடுத்தார். மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, மணலும் கூழாங்கல்லும் ஜல்லியும் கடந்து பூமிக்குள் போகும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் பெய்கிறது. அப்படியென்றால் ஒரு சாதாரண வீட்டு மாடியே வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். சட்டத்துக்குப் பயந்து குழி எடுத்தவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். பல வீடுகளில் அது சேறடைத்துக் கிடக்கிறது. அப்பா அப்படி விடவில்லை. புரட்டாசி வந்தால் மூடியைத் திறந்து, சேற்றை வாரி, ஜல்லியை அலசிப் போடுவார். நம் குழியில் இறங்கும் தண்ணீர் நம் வேலியோடு நிற்பதில்லை, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் அது போகிறது என்பது அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

இப்போது அப்பாவால் குனிய முடிவதில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, என் மகள்தான் வேலை செய்கிறாள். பெரிய கல் அடியில், சின்னது மேலே, மணல் எல்லாவற்றுக்கும் மேலே என்று அவளுக்கு வரிசை மனப்பாடம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குழி இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் எங்கே இருக்கிறது என்று காவலாளியிடம் கேளுங்கள். அனேகமாக வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கீழேதான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ள பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மூடியைத் திறந்து பாருங்கள்.